மேல்பக்கக் கிணறு

குப்பைமேட்டைச் சுற்றியிருந்த சோதனைக் கிணறுகளுக்கெல்லாம் எண்தான் பெயர். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் ஜீப்புக்குள் தனிப் பெயர் இருந்தது: பொறந்த வீடு. வைத்தவர் டிரைவர். வாய் ஓயாமல் பேசுகிறவர் என்பதால் அவருக்கு ரேடியோ என்று பெயர் விழுந்து, இப்போது அவருடைய மனைவியே அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்று கேள்வி. "நாலாம் நம்பர் முடிஞ்சுது, அஞ்சும் முடிஞ்சுது, அடுத்து அக்காவோட பொறந்த வீடு" என்று அவர் வண்டியைத் திருப்பினால், பின் சீட்டில் பாட்டில்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் அவள் தன்னை அறியாமல் முந்தானையைச் சரிசெய்துகொள்வாள். மாதிரித் தண்ணீர் எடுக்கப் போகிறவளுக்கு முந்தானை எப்படி இருந்தால் என்ன? ஆனாலும் கை போகும்.

கிணறு என்றதும் கல் கட்டி, எட்டிப் பார்க்கிற கிணற்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவளுடைய அலுவலகத்தில் தரையைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கிற எதுவும் கிணறுதான். இது ஒரு போர்க்குழாய். கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய், மேலே ஒரு மூடி, பக்கத்தில் மோட்டார். அவ்வளவுதான். அவள் பிறந்து வளர்ந்த வீட்டின் கொல்லை அது. இப்போது அந்த வீட்டில் அண்ணன் மட்டும் இருந்தார்.

குப்பையில் மழை இறங்கினால் ஒரு சாறு கசியும். கறுப்பாக, டிகாக்ஷன் மாதிரி. அது மண்ணுக்குள் இறங்கி எந்தப் பக்கம் போகிறது, யார் வீட்டுத் தண்ணீரைத் தொடுகிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை. ஒன்று கெட்டுவிட்டது என்று சொல்ல, பக்கத்தில் கெடாதது ஒன்று வேண்டுமில்லையா? அதற்காகத்தான் சரிவின் மேல்பக்கம் ஒரு கிணற்றைப் பொறுக்கி வைத்திருந்தார்கள். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தானே ஓடும், மேல்பக்கத்துக்குக் குப்பை எப்படி ஏறும் என்பது கணக்கு. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எஞ்சினியர், "மேல்பக்கம் நல்ல தண்ணியா ஒரு போர் கிடைக்குமா?" என்று கேட்ட வாய் மூடுவதற்குள், "எங்க வீட்ல இருக்கு சார்" என்று சொன்னாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஆனால் இந்தக் காக்கை பொய் சொல்லவில்லை. பரிசோதனையில் அந்தத் தண்ணீர் அத்தனை சுத்தமாக இருந்தது. அன்றிலிருந்து மற்ற கிணறுகளையெல்லாம் அவர்கள் வீட்டுத் தண்ணீரோடு ஒப்பிட்டுத்தான் நல்லது கெட்டது சொன்னார்கள்.

இந்த முறை அந்தத் தண்ணீருக்கு வேலை கொஞ்சம் கூடுதல். மேல்பக்கத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. "மேல்பக்கக் கிணறே சுத்தமா இருக்கும்போது அந்தத் தெருவுக்கு எதுக்குக் குழாய்? இந்த ரிசல்ட்டும் நல்லா வந்தா அந்த ஃபைலை மூடிடலாம்" என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். அதைக் கேட்டபோது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறந்த வீட்டைப் பற்றி நல்ல வார்த்தை கேட்டால் எந்தப் பெண்ணுக்கு வலிக்கும்?

ஜீப் தெருவுக்குள் நுழையும்போதே கடைசி வீட்டுக்காரி இடுப்பில் கைக்குழந்தையோடு கேட்டில் நின்றுகொண்டிருந்தாள். புதிதாகக் குடிவந்தவர்கள்.

"அக்கா, எங்க தெருத் தண்ணிக்கு இந்தத் தடவையும் பாஸ் மார்க்குதானே? உங்கள நம்பித்தான் குடிக்கிறோம்."

"டிஸ்டிங்ஷனே வாங்கும்!" என்று அவளை முந்திக்கொண்டு பதில் சொன்னார் ரேடியோ.

அண்ணன் வழக்கம் போல வாசலிலேயே நின்றிருந்தார். லேத் பட்டறையில் காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவர். சட்டை பட்டனெல்லாம் போட்டு, தலையை வாரி, ஏதோ பெண் பார்க்க வருகிறவர்களுக்காகக் காத்திருக்கிற மாதிரி. அண்ணி இறந்துபோனதிலிருந்து வீடு அமைதியாகிவிட்டது. மகன் வேறு ஊரில்.

"வா பாப்பா. அப்பவே மோட்டாரைப் போட்டு பழைய தண்ணியெல்லாம் எடுத்து விட்டுட்டேன். நீ வந்து புடிச்சுக்க வேண்டியதுதான்."

ஐம்பதைத் தாண்டிய பாப்பா சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

பழைய தண்ணீர் என்று அவர் சொன்னது தொழில் பேச்சு. போர்க்குழாய்க்குள் நாள்கணக்கில் நின்ற தண்ணீரை மாதிரியாக எடுக்கக் கூடாது. அது குழாயின் தண்ணீர். நிலத்தின் தண்ணீர் அல்ல. அதை இறைத்துக் கொட்டிவிட்டு, மண்ணுக்குள்ளிருந்து புதுத் தண்ணீர் வந்து, தண்ணீரின் உப்பைக் காட்டுகிற மீட்டர் ஒரே அளவில் நிற்கிற வரை காத்திருந்துதான் பாட்டிலை நிரப்ப வேண்டும். மற்ற கிணறுகளில் அவள் இந்த விஷயத்தில் கறார். ரேடியோ கொட்டாவி விட்டாலும் விடமாட்டாள். இங்கே மட்டும் அண்ணன் முன்கூட்டியே இறைத்து வைத்துவிடுவார். தங்கை வெயிலில் நிற்க வேண்டாமே என்ற கரிசனம். அவளும் வந்ததும் வாளியில் மீட்டரை ஒரு முக்கு முக்கி, எண்ணைக் குறித்துக்கொண்டு, பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அண்ணன் பேச்சை மீட்டர் வைத்தா சோதிப்பார்கள்? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்கிற பழமொழி பிறந்த வீட்டுக்குச் செல்லாது என்று அவள் நினைத்திருந்தாள்.

மோட்டாரைப் போட்டு, வாளிக்குள் ரப்பர் குழாயை விட்டு, தண்ணீர் நிரம்பி வழிந்து வாய்க்காலுக்குப் போகிறபடி வைத்து, மீட்டரை இறக்கினாள். உப்பின் அளவு போன தடவையை விடக் குறைவாகக் காட்டியது. போன தடவை அதற்கு முந்தைய தடவையை விடக் குறைவு.

"எல்லாருக்கும் வயசாக ஆக உப்பு ஏறும். உன் தண்ணிக்கு எறங்கிட்டே வருதுண்ணா."

அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதை அவள் கவனிக்கவில்லை.

அப்போது ஜீப்பின் பின்பக்கமிருந்து ரேடியோவின் குரல் வந்தது. "அக்கா, திட்டக் கூடாது. ஈயம் பாக்கறதுக்கு அமிலம் விட்ட பாட்டில் பெட்டிய அஞ்சாம் நம்பர்லயே வெச்சிட்டு வந்துட்டேன்."

திட்டினாள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார்.

"அப்ப மோட்டாரை நிறுத்திடட்டுமா? வெட்டியா ஓடுதே" என்று அண்ணன் ஸ்விட்ச் பக்கம் போனார்.

"நிறுத்தாதண்ணா. நிறுத்தினா மறுபடி முதல்லேர்ந்து. ஓடட்டும், வா, உக்காரு."

அவர் தயங்கித் தயங்கித்தான் வந்து உட்கார்ந்தார். துவைக்கிற கல்லின் ஒரு முனையில் அவர், மறுமுனையில் அவள். இத்தனை வருஷத்தில் இந்தக் கொல்லையில் இப்படி ஒன்றும் செய்யாமல் அவள் உட்கார்ந்ததே இல்லை. பாட்டில், மீட்டர், கையெழுத்து, வண்டி. அண்ணன் நீட்டுகிற டீயைக்கூட நின்றபடியே குடித்துவிட்டு ஓடுகிறவள். இன்று கை சும்மா இருந்தது. கை சும்மா இருந்தால் மனசு பழைய இடத்துக்கு ஓடும்.

"இங்கதானே அடிபம்பு இருந்துது?"

"நீ தொங்கிட்டே இருப்பியே, அதுதான்."

உண்மை. அந்தப் பம்பின் கைப்பிடி அவளை விடப் பெரியது. தாவிப் பிடித்து, முழு உடம்பையும் தொங்கவிட்டால்தான் அது கீழே இறங்கும். அண்ணன் பின்னால் வந்து ஓசைப்படாமல் கைப்பிடியை மேலே தூக்குவான், அவள் கால் தரையை விட்டுக் கிளம்பும், அவள் கத்துவாள், அம்மா உள்ளேயிருந்து, "தண்ணி அடிக்கச் சொன்னா தூரி ஆடுதுங்க ரெண்டும்" என்பாள். யார் அடிக்கிறார்கள் என்று பம்பின் கிறீச்சை வைத்தே சொல்லிவிடலாம். அப்பா அடித்தால் நிதானம். அம்மா அடித்தால் அவசரம். அண்ணன் அடித்தால் அதில் ஒரு சினிமாப் பாட்டின் தாளம் இருக்கும்.

"காலையில முதல் தண்ணி எப்படி இருக்கும் தெரியுமா?" என்றாள் அவள். "பல்லு கூசும். நான் எத்தனையோ ஊர்த் தண்ணி குடிச்சிட்டேன், எத்தனையோ தண்ணிய டெஸ்ட் பண்ணிட்டேன். அந்த ருசி இன்னும் நாக்குல இருக்கு."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தப் பள்ளம் ஞாபகம் இருக்கா?" என்று அவளே மறுபடி கேட்டாள்.

இப்போது குப்பைமேடாக நிற்பது அன்று கல் குவாரியாக இருந்த பள்ளம். குவாரி மூடிய பிறகு அதில் மழைத் தண்ணீர் நின்றது. தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் நீச்சல் கற்றது அங்கேதான். ஈரத் தலையை அம்மாவிடமிருந்து மறைக்க வெயிலில் நின்று காயவைத்துக்கொண்டு வருவார்கள். அம்மா தலையைத் தொட மாட்டாள்; காதுக்குப் பின்னால் முகர்ந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தையெல்லாம் அவளிடம் பலித்ததே இல்லை.

"முதல் குப்பை லாரி வந்த அன்னிக்கு நாம என்ன பண்ணோம்?" என்று அண்ணன் தானாகவே ஆரம்பித்தார். பேச்சு அவரையும் இழுத்துக்கொண்டுவிட்டது.

"பின்னாடியே ஓடினோம்."

"நீ டாட்டா காட்டினே."

"நீயும்தான்!"

அவர்களுக்கு நினைவு தெரிந்து தெருவுக்கு அதுவரை லாரியே வந்ததில்லை. பச்சைப் பெயின்ட் அடித்த லாரி, முன்னால் இரண்டு பெரிய கண் மாதிரி விளக்கு. பிள்ளைகளெல்லாம் கூச்சல் போட்டுக்கொண்டு பள்ளம் வரை ஓடினார்கள். டிரைவர் ஹாரன் அடித்துக் காட்டினார். அப்புறம் லாரி பின்பக்கத்தைத் தூக்கி, கொண்டுவந்ததையெல்லாம் அந்தத் தண்ணீரில் கொட்டியது. நேற்று நீந்திய இடம். பிள்ளைகள் அதற்கும் கைதட்டினார்கள். விழுகிற சத்தம் அவ்வளவு நன்றாக இருந்தது. "குப்பை வண்டிய வரவேத்த தெரு ஒலகத்துலயே நம்ம தெருதான்" என்று அப்பா கடைசி வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவளும் அண்ணனும் இப்போது அதே மாதிரி சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். முந்தானையால் துடைத்துக்கொண்டு எதேச்சையாக வாளியைப் பார்த்தாள்.

மீட்டரில் இருந்த எண் அவள் குறித்த எண் அல்ல.

கெட்டுப்போயிருக்கும் என்று முதலில் நினைத்தாள். எடுத்து உதறி, சுத்தத் தண்ணீரில் அலசி, மறுபடி முக்கினாள். ஏறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஏறியது. முதலில் காட்டியதைப் போல நாலு மடங்கு, ஐந்து மடங்கு. பழைய தண்ணீர் போய்ப் புதுத் தண்ணீர் வந்தால் எண் ஒரு இடத்தில் நிற்க வேண்டும். இங்கே இப்போதுதான் புதுத் தண்ணீர் வர ஆரம்பித்திருக்கிறது என்று மீட்டர் சொல்லிற்று. குனிந்து கையில் அள்ளினாள். லேசான பழுப்பு. முகர்ந்தாள். இந்த வாசனை அவளுக்குத் தெரியும். குப்பைச் சாறு இறங்கிக் கெட்ட அஞ்சாம் நம்பரில் இதே வாசனைதான்.

குப்பை மேல்பக்கம் ஏறாது என்பது தரைக்கு மேலே உள்ள நியாயம். தரைக்குக் கீழே வேறு நியாயம்: எவன் அதிகமாக உறிஞ்சுகிறானோ அவன் பக்கம்தான் தண்ணீர் போகும். தெருவுக்கும் மேலே, சரிவில், சில வருஷங்களாக அடுக்குமாடிகள் முளைத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆழமான போர்கள். தண்ணீர் முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டது. இது அவள் யோசித்திருக்க வேண்டிய விஷயம். வேறு எந்தக் கிணறாக இருந்தாலும் யோசித்திருப்பாள்.

அது சரி, அப்படியானால் முதலில் வந்த அந்தச் சுத்தத் தண்ணீர் எது?

நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. அவர் பார்வை போன இடத்தை அவளும் பார்த்தாள். மொட்டை மாடியில், மழைத் தண்ணீர் பிடிக்கிற டிரம். அதிலிருந்து ஒரு பச்சை ஹோஸ் சுவரோடு இறங்கி, போர்க்குழாய்க்குப் பக்கத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. நுனி இன்னும் ஈரமாக இருந்தது.

"என்னண்ணா இது?"

அவர் ஹோஸின் நுனியைக் காலால் கல்லுக்குப் பின்னால் தள்ளினார்.

"நீ பழைய தண்ணிய எடுத்து விடல. மூடியக் கழட்டி மழைத் தண்ணிய உள்ள ஊத்தியிருக்கே. எத்தன நாளா நடக்குது இது?"

"உங்க அண்ணி இருந்தப்பவே டீ திரிஞ்ச மாதிரி இருக்குன்னு சொல்லிட்டிருந்தா" என்றார் அண்ணன் மெதுவாக. "அவ போனதுக்கப்புறம் எனக்கே தெரிஞ்சுது. நீ வர்ற அன்னிக்கு மட்டுந்தான் ஊத்துவேன். அடிபம்புக்கு ஒரு சொம்பு ஊத்தினாத்தானே தண்ணி தரும்? அது மாதிரின்னு நெனச்சுக்கயேன்."

"அது மாதிரியா?" அவளுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. அண்ணனிடம் அவள் குரல் உயர்த்தியதாகச் சரித்திரமே இல்லை. "நான் போடற கையெழுத்த நம்பி ஒரு தெருவே குடிக்குதுண்ணா! இந்த ரிசல்ட்ட வெச்சுத்தான் குழாய் வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணப் போறாங்க!"

"நானும்தான் குடிக்கிறேன். காய்ச்சிக் குடிக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு?"

"காய்ச்சினா உப்பு போயிடுமா? ஈயம் போயிடுமா? கடைசி வீட்ல கைக்கொழந்தை இருக்குண்ணா!"

அந்தக் குழந்தையை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அடுத்தவருக்குக் கெடுதல் நினைக்கிற மனுஷன் இல்லை அவர். எறும்புப் புற்றைப் பார்த்தால் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர். அதனாலேயே அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"எதுக்குண்ணா? சொல்லு. வீட்டக் காலி பண்ணச் சொல்லிடுவாங்கன்னா?"

"வீடு கெடக்குது" என்றார். பிறகு, கல்லின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "நீதானே சொன்னே. அண்ணி காரியமெல்லாம் முடிஞ்சதுக்கப்புறம் தண்ணி எடுக்க வந்தியே, அப்ப. இந்தக் கெணறு என்னிக்காவது கெட்டுப்போனா வேற இடத்துல மாத்திடுவோம், அப்புறம் எனக்கு இந்தப் பக்கம் வர வேலையே இருக்காதுன்னு. சிரிச்சிட்டேதான் சொன்னே."

அவளுக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. சொல்லியிருப்பாள். பாட்டிலுக்கு மூடி போட்டுக்கொண்டே, பாதிக் கவனத்தில், வாயில் வந்ததைச் சொல்லியிருப்பாள். அவள் ஒரு நொடியில் மறந்த வாக்கியத்தை இந்த மனுஷன் இத்தனை காலம் சுமந்து, மாடியில் டிரம் வாங்கி வைத்து, ஹோஸ் இழுத்து, ஒவ்வொரு மழையையும் அவளுக்காகச் சேர்த்து வைத்திருக்கிறார். கோபம் எங்கேயும் போகவில்லை. அதன் மேலேயே இதுவும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஜீப் சத்தம் கேட்டது. ரேடியோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "ரெண்டு நிமிஷத்துல போய் வந்துட்டேன் பாத்தீங்களா" என்று ஆரம்பித்தவர், இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு அணைந்துபோனார்.

மீட்டர் ஒரு எண்ணில் வந்து நின்றுவிட்டிருந்தது. மறுபடி பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். அசையவில்லை. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு பாட்டில்களை ஒவ்வொன்றாக நிரப்பினாள். பாட்டிலில் ஒட்டுகிற சீட்டில் கிணற்றின் எண்ணைத்தான் எழுதினாள். பழைய முடிவுகளும் செல்லாது என்று அலுவலகத்தில் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். அதையும் சொல்ல வேண்டும்; இறைக்காமல் நிரப்பியது அவள் தப்பு. அண்ணன் இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. மோட்டாரை அவரே போய் நிறுத்தினார். சத்தம் நின்றதும் கொல்லை திடீரென்று பெரிதாகிவிட்டது.

"கடைசி வீட்டுக்கு நான் போய்ச் சொல்லிடறேன்" என்றார். "நான்தான் சொல்லணும்."

"இப்பவே போ. இன்னிக்கே கேன் தண்ணி வாங்கச் சொல்லு. நீயும்தான்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார். நடை தளர்ந்திருந்தது. கடைசி வீட்டு கேட்டில் நின்று அவர் கையை ஆட்டி ஏதோ சொல்வதும், அந்தப் பெண் குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடிப்பதும் ஜீப்பிலிருந்தே தெரிந்தது. அந்தப் பெண் ஏதோ உரக்கக் கேட்டாள். அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது முகம் வெளிறியிருந்தது.

பெட்டியில் ஐஸ் போட்டாகிவிட்டது. மாதிரி கெடுவதற்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அண்ணன் ஜன்னலோரம் வந்து நின்றார்.

"திட்டினாளா?"

"திட்டட்டும். வேண்டியதுதான்."

ரேடியோ வண்டிச் சாவியைத் திருகாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நான் ஞாயித்துக்கெழம வர்றேண்ணா" என்றாள் அவள்.

அண்ணன் புருவத்தைச் சுருக்கினார். ஏதோ மறந்துவிட்டதை ஞாபகப்படுத்திக்கொள்கிற மாதிரி ஐஸ் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எதுக்கு பாப்பா? அதான் இன்னிக்கே தண்ணி எடுத்துட்டியே."

குத்தல் இல்லை, கேலி இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். "பெட்டிய நீங்களே கொண்டு போய்ச் சேத்துடுங்க" என்று ரேடியோவிடம் சொல்லிவிட்டு, கதவைத் திறந்து இறங்கினாள்.